யார் அழுவது? கூவாகம் முதல் செலாயாங் வரை



எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நான் பேசியதை இந்தப் பக்கத்திற்காக எழுதித் தரும்படி கேட்டார்கள். அரங்கில் எனக்குக் கிடைத்த நேரம் குறைவு. அதிலும் கொஞ்சத்தை விளம்பரம் எடுத்துக்கொண்டது. அன்று விட்டுப்போனதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

செலாயாங்கில் நான் போன ஒரு சாவு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மாஸ் காம் டிப்ளோமா முடித்த கையோடு முதன்முதலாகக் கேமரா முன் உட்கார்ந்தபோது எனக்கு ஒப்பனை செய்தவர் ஓர் அக்கா. திருநங்கை. என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "கண்ண மூடும்மா, உங்கம்மாகிட்ட பேசுற மாதிரி பேசு, எல்லாம் சரியா வரும்" என்றார். பத்தாண்டுக்கு மேலாக அந்தக் கை என் முகத்தைத் தொட்டிருக்கிறது. செலாயாங் பாசார் போரோங்கிற்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். வீட்டைவிட்டு விரட்டப்பட்டு வந்த மூன்று இளம் திருநங்கைகளை அவர்தான் வைத்து வளர்த்தார். மூவரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயில் படுத்தபோது கஞ்சி ஊற்றியதும் அவர்கள்தாம்.

அக்கா இறந்த செய்தி கேட்டு நான் போய்ச் சேரும்போது தோட்டத்திலிருந்து அண்ணன், தம்பிமார்கள் வந்துவிட்டிருந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கூடாரம் போட்டார்கள், பெட்டிக்குச் சொன்னார்கள், தேவாரம் பாட ஆள் வைத்தார்கள். ஆனால் பெட்டிக்குள் நான் பார்த்தது வேறொருவரை. முடி வெட்டியிருந்தது. வேட்டி, சட்டை. தலைமாட்டில் இருந்த படம் இருபது வயதில் எடுத்தது, அரும்பு மீசையோடு. மூன்று மகள்களும் கூடாரத்திற்கு வெளியே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க, சொந்தக்காரங்க வர்ற நேரம்" என்று ஓர் அண்ணன் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தியின் கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே அக்காவின் ஊதாப் பட்டுச்சேலை. "இதையாச்சும் பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள்.

பேசுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான் அன்று வாயைத் திறக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு நின்றேன். பெட்டியை மூடினார்கள். பை என் கையிலேயே இருந்தது.

அரவான் கேட்ட வரம்

அதற்குப் பிறகுதான் கூவாகத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆண்டுதோறும் சித்திரையில் நம் நாளேடுகளிலும் படம் வரும். அழகிப் போட்டி, மேடை நடனம், வண்ணச் சேலை. அதோடு பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அந்தத் திருவிழாவின் மறுநாள் காலையை யாரும் அவ்வளவாகக் காட்டுவதில்லை.

கூவாகம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள சிற்றூர். அங்கே கூத்தாண்டவர் என்ற பெயரில் இருப்பவர் அரவான், அர்ச்சுனனின் மகன். வடமொழிப் பாரதத்தில் அவன் போரின் 8ஆம் நாளில் ஓர் அரக்கனோடு பொருது மடிகிறான். தமிழ்நாட்டில் அவன் கதை வேறு வழியில் வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் களப்பலியாகிவிடுகிறான். பாண்டவர் வெல்ல வேண்டுமானால் எல்லா இலட்சணமும் பொருந்திய ஒருவன் காளிக்குப் பலியாக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மூவரே: கண்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவரையும் இழக்க முடியாது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

சாகப் போகிறவன் வரம் கேட்கிறான். போரைக் கடைசிவரை பார்க்க வேண்டும் என்பது ஒன்று. தெருக்கூத்திலும் மக்கள் வழக்கிலும் சொல்லப்படும் மற்றொன்று, மணம் முடித்துச் சாக வேண்டும் என்பது. நாளைக் காலை தாலி அறுக்கப் போகிறவனுக்கு எவர் பெண் கொடுப்பார்? கண்ணனே மோகினியாகி வந்து ஓரிரவு மனைவியாக இருக்கிறான். விடிந்ததும் விதவையாகிக் கதறுகிறான்.

இளைஞனின் கடைசி ஆசை என்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊர் வழக்கில் மணமாகாமல் போனவனுக்கு முழுச் சடங்கு கிடையாது. அவனுக்காகப் பொட்டழிக்க, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஓர் ஆள் இல்லை. தான் செத்தால் அழ யாரும் இருக்க மாட்டார்கள் என்ற பயம்தான் அந்த வரத்தில் எனக்குக் கேட்கிறது. அந்தப் பயம் செலாயாங் அக்காவுக்கும் இருந்தது. "நான் போனா நீ வருவியாடி?" என்று பவுடர் பூசிக்கொண்டே கேட்பார். நான் சிரிப்பேன்.

அழுகளத்தில் ஒரு காலை

விழா 18 நாள் நடக்கிறது. 17ஆம் நாள் இரவு திருநங்கைகள் மணப்பெண்ணாகி வந்து பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அந்த வட்டாரத்து ஆண்களும் நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்வது உண்டு. மறுநாள் காலை அரவான் தேரில் ஏறுகிறார். தேர் ஊரைச் சுற்றி அழுகளத்தை அடைகிறது. அங்கே பூசாரி தாலியை அறுக்கிறார், வளையலை உடைக்கிறார். பொட்டு அழிகிறது, பூ போகிறது. கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். பிறகு குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஊர் திரும்புகிறார்கள்.

இங்கே என் முரண்பாட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விதவையின் வளையலை உடைக்கும் வழக்கத்தை எதிர்த்து இதே நிகழ்ச்சியில் நான் காரசாரமாகப் பேசியிருக்கிறேன். இப்போதும் அதுவே என் கருத்து. ஆனாலும் விரும்பி வந்து, பணம் செலவழித்து வளையல் வாங்கி, அதை உடைத்துக்கொள்ள ஒருத்தி வரிசையில் நிற்கிறாள் என்றால் அதை அதே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

அக்காவின் மூத்த மகள் கூவாகத்துக்கு இரண்டு முறை போய் வந்தவள். அரவான் புராணத்து ஆள்தானே, அப்படி என்ன அழுகை வருகிறது என்று அவளிடம் கேட்டேன். "சாமிக்குன்னு ஆரம்பிப்போம்க்கா. அஞ்சு நிமிஷத்துல அவங்கவங்க ஆளுக்கு மாறிடும். எங்க அம்மா செத்தப்ப வீட்டுக்குள்ள விடல, அதுக்கும் சேர்த்து அங்கதான் அழுதேன்" என்றாள். ஒரு சிற்றூரே தன் வயல்வெளியைத் திறந்துவிட்டு, வந்து அழுங்கள் என்று இடம் கொடுக்கிறது. யாருக்காக அழுகிறாய், நீ என்ன உறவு என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று ஒன்றை அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் நூலாகவே தொகுத்து எழுதினார். இழப்பு உண்மையானது. ஆனால் உனக்கு அழ என்ன உரிமை என்று சமுதாயம் கேட்கிறது. அப்போது துக்கம் இரட்டிப்பாகிறது என்பது அவர் வாதம். மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நான் கண்டது அதைத்தான்.

அரவானின் தலையைத் தமிழர்கள் கடல் தாண்டியும் கொண்டுவந்தார்கள். 1827இல் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் அரவானுக்குச் சந்நிதி இருக்கிறது. தீமிதியை ஒட்டிய பாரதச் சடங்குகளில் அவனுக்கும் இடம் உண்டு. அழுகளம் மட்டும் கப்பலேறவில்லை. கூவாகத்தைப் போல் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் பட்டப்பகலில், ஊரார் நடுவில் உட்கார்ந்து அழும் இடம் நம் நாட்டில் இல்லை.

சட்டம் அறுத்த உறவு

திருநங்கைகள் குரு, சேலா என்று உறவு அமைத்துக்கொள்வதை நேயர்கள் அறிந்திருக்கலாம். குரு தாய், சேலா மகள். குருவுக்கும் குரு இருந்தால் அவர் பாட்டி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை ஏதோ கும்பல் என்று நினைக்கிறார்கள். பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளைக்குச் சோறு போட்டு, நோயில் பார்த்து, செத்தால் தூக்கிப்போடும் ஏற்பாடு அது. வேறு சொல்லில் குடும்பம்.

இந்தக் குடும்பத்தைச் சட்டமே குறிவைத்து உடைத்த வரலாறு உண்டு. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நாம் கள்ளர், மறவர் வரலாற்றோடு சேர்த்துப் படித்திருக்கிறோம். அந்தச் சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. வட இந்திய மாகாணங்களில் இருந்த திருநங்கைச் சமூகத்தை அலிகள் என்ற பொருளில் குறித்து, காவல்துறை பதிவேட்டில் ஏற்றச் சொன்ன பகுதி அது. பதிவேட்டில் ஏறியவர் உயில் எழுத முடியாது. சொத்தைத் தானமாகக் கொடுக்க முடியாது. பிள்ளையைத் தத்து எடுக்க முடியாது. சிறுவர்க்குப் பாதுகாவலராக இருக்க முடியாது.

அந்த நான்கு தடைகளையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். நான்கும் வளர்ப்பையும் வாரிசையும் பற்றியவை. குரு இறந்தால் சேலாவுக்கு எதுவும் போகக் கூடாது, அந்த உறவு தாளில் இருக்கவே கூடாது என்பதுதான் திட்டம்.

சரி, அது பழைய கதை, அதுவும் இந்தியாவில் நடந்தது என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதவரின் சொத்து நம் தீபகற்பத்தில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி பிரிகிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், பிறகு உடன்பிறந்தோர் என்று அது உறவுமுறைப்படி போகும். பதினைந்து ஆண்டு கஞ்சி ஊற்றியவள் அந்த வரிசையில் எங்குமே இல்லை. அக்காவின் ஒப்பனைப் பெட்டிகூடத் தம்பி வீட்டுக்குப் போனது. அவருக்கு அதில் என்ன பயன் என்று நான் கேட்க மாட்டேன். சட்டப்படி அவருடையது.

இந்தியாவில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15இல் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைந்தது. 2014இல் அதே ஏப்ரல் 15இல் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு 1871ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நினைவுகூர்ந்தது.

ஒரு பெயருக்காக நடந்த ஊர்வலம்

துக்கத்துக்கு இடம் கேட்டு எழுந்த இன்னொரு கதை அமெரிக்காவில் நடந்தது. 1998 நவம்பர் 28இல் பாஸ்டன் நகரின் ஆல்ஸ்டன் பகுதியில் ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கை தம் வீட்டில் குத்திக் கொல்லப்பட்டார். மறுநாள் முதல் சில ஏடுகள் அவரை ஆண் என்றும், பழைய பெயரிலும் எழுதின. ரீட்டா என்ற பெயருக்கு மேற்கோள் குறி போட்டன, ஏதோ வேடப் பெயர் போல. கொலையைவிட அதுதான் நண்பர்களைத் தெருவுக்கு இழுத்தது என்றே சொல்லலாம். டிசம்பர் 4ஆம் தேதி ஏறக்குறைய 250 பேர் மெழுகுவத்தியோடு அவர் வீடுவரை நடந்தார்கள். அவருடைய தாயாரும் வந்தார். மகள் இறந்த வாசலில் மண்டியிட்டு ஜெபித்தார்.

அடுத்த ஆண்டு, 1999இல், குவென்டலின் ஆன் ஸ்மித் என்ற திருநங்கை இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டி நினைவு நாளைத் தொடங்கினார். இன்று நவம்பர் 20ஆம் தேதி பல நாடுகளில் அது நடக்கிறது. பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. பெயர்களை வரிசையாகப் படிக்கிறார்கள். அவரவர் வாழ்ந்த பெயரில்.

நம் நாட்டிலும் அப்படிப் படிக்க வேண்டிய பெயர் உண்டு. 2017 பிப்ரவரி 23இல் குவாந்தானில் சமீரா கிருஷ்ணன் கொல்லப்பட்டார். வயது 26. பூத்தொடுக்கும் தொழில். முன்பு தம்மைக் கடத்தியதாகக் கூறப்பட்ட வழக்கில் இன்னும் சில நாட்களில் அவர் சாட்சி சொல்ல இருந்தார். நம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மாலை கட்டும் கைகளில் எத்தனையோ திருநங்கையரின் கைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் போனபோது நாம் எத்தனை பேர் மாலையோடு போனோம்?

பெயர் விஷயத்தில் நம் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. 2005இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் அடையாள அட்டையைத் திருத்தச் சொன்னார். அதே காலகட்டத்தில் ஈப்போ உயர்நீதிமன்றம் வேறொருவரின் அத்தகைய மனுவை மறுத்தது. 2011 ஜூலையில் கோலத்திரங்கானுவில் அலீஷா ஃபர்ஹானாவின் பெயர் மாற்ற மனு தள்ளுபடியாகி, அந்த மாதம் முடிவதற்குள் அவர் மருத்துவமனையில் இறந்தே போனார். அட்டையில் என்ன பெயரோ அதுதான் மரணச் சான்றிதழில் வரும். சான்றிதழில் என்ன பெயரோ அதுதான் பெட்டிமேல். அக்காவின் அண்ணன்மார் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

கூட உட்காருவது எப்படி?

அரங்கில் ஓர் அம்மா எழுந்து நல்ல கேள்வி கேட்டார். "அதெல்லாம் சரிம்மா, நாம என்ன செய்யணும்? அவங்க சடங்கு வேற மாதிரி இருக்குமே, நடுராத்திரியில செருப்பால அடிச்சுப் புதைப்பாங்களாமே?" இந்தக் கதையை நானும் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். மகள்களிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழுத கண்ணோடு அவர்கள் சிரித்தது அன்று ஒருமுறைதான். ஆகவே கதை கட்டியவருக்கு நன்றி. அவர்கள் சடங்கும் நம் சடங்குதான் அம்மா. சாம்பிராணி, சந்தனம், படையல், 16ஆம் நாள்.

அக்காவின் 16ஆம் நாள் குடும்பம் தோட்டத்தில் தனியாகக் கருமக்கிரியை செய்தது. மகள்கள் செலாயாங் வீட்டில் செய்தார்கள். நான் ஊதாச் சேலையைக் கொண்டுபோய் கொடுத்தேன். நாற்காலியில் சேலையை மடித்து வைத்து, அதன்மேல் அக்கா சிரிக்கும் படம். படையலில் தே தாரேக்கும் இருந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் போன்று பேசிப் பேசி ஆறுதல் சொல்ல வந்தவர்களைவிட அந்தப் பாட்டியிடம்தான் மூவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

பிறகு பேச்சு தானாக வந்தது. அக்கா எப்படித் திட்டுவார், யாருக்கு முதலில் சேலை கட்டிவிட்டார், எந்த நடிகைக்குப் புருவம் சரியில்லை என்பார். நான் அவர்களிடம் "உங்கம்மா" என்று சொன்னபோதெல்லாம் அவர்கள் முகம் தெளிந்ததைக் கவனித்தேன். அந்த ஒரு சொல்லைச் சாவு வீட்டில் சத்தமாக நான் சொல்லியிருக்கலாம்.

நடைமுறைக் காரியங்களும் உண்டு. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத எவரும் 18 வயதுக்கு மேல் உயில் எழுதலாம். 1871 போன்ற தடை இங்கே இல்லை. எந்த உடையில் தன்னை அனுப்ப வேண்டும், யார் கொள்ளி வைக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் எழுதி வைக்கலாம். அண்ணன்மார் கேட்பார்களா என்பது வேறு விஷயம், ஆனால் கையில் காட்ட ஒரு தாள் இருக்கும். ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனத்தையும் பலர் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். கோலாலம்பூரில் 1987இல் தொடங்கிய பி.டி. அறவாரியமும், நிஷா அயூப் பங்கேற்று 2014இல் உருவான சீட் அறவாரியமும் திருநங்கைகளுக்காக உழைத்து வந்திருக்கின்றன. நிஷா 2016இல் அமெரிக்க அரசின் துணிச்சல்மிக்க பெண்களுக்கான அனைத்துலக விருதைப் பெற்றவர். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர்தான். மூன்று மகள்களும் இப்போது ஆளுக்கோர் உயில் எழுதியிருக்கிறார்கள். சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. சின்னவள் தன் தையல் இயந்திரத்தை எழுதி வைத்திருக்கிறாள்.

முதலாண்டு நினைவு வந்தபோது நாளேட்டில் நினைவஞ்சலி போட வேண்டும் என்றார்கள். நம் ஏடுகளில் வருகிற அறிவிப்பு உங்களுக்குத் தெரியும். நடுவில் படம், மேலே தோற்றம், மறைவு, கீழே மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று நீண்ட பட்டியல். செலாயாங் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான்கு பேரும் எழுதினோம். படத்துக்குச் சிரமமில்லை, ஊதாச் சேலைப் படம். பெயருக்கும் சிரமமில்லை. கடைசி வரியில்தான் முக்கால் மணி நேரம் போனது. நண்பர்கள் என்று போடலாமா, சீடர்கள் என்று போடலாமா, பேரே இல்லாமல் விட்டுவிடலாமா என்று மூத்தவள் மாற்றி மாற்றி எழுதினாள். சின்னவள் பேனாவைப் பிடுங்கி, 'பிரிவால் வாடும் மகள்கள்' என்று எழுதி மூவர் பெயரையும் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பேரும் போடவாக்கா?" என்று கேட்டாள்.

நான்காவதாக என் பெயரும் இருக்கிறது. மகள்கள் என்ற வரியின் கீழேயே.